வியன்னாவில் 5 நாள், கூடவே 7 வயதும் 3 வயதும்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கோவை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மே கடைசி வாரம் குடும்பத்தோடு வியன்னா போகிறோம். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 3. வீட்டுக்காரருக்கு முதல் 2 நாள் அங்கே அலுவலக வேலை. அதோடு 3 நாள் லீவு சேர்த்து மொத்தம் 5 நாள். முதல் 2 நாளும் பகல் முழுக்க நான் ஒருத்திதான் பிள்ளைகளோடு. ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது.

இதுவரை எழுதி வைத்திருப்பது: ஷோன்ப்ருன் அரண்மனை, அதன் ஜூ, ஹோஃப்புர்க் அரண்மனை, பெல்வெடேர் அரண்மனை, ஸ்டீபன் பேராலயம், ஓபரா, இயற்கை வரலாற்று மியூசியம், கலை வரலாற்று மியூசியம், ப்ராட்டர் ராட்டினம், நாஷ்மார்க்ட் சந்தை, ஒரு நாள் வெளியூரில் ஏரிக்கரை ஊரான ஹால்ஸ்டாட்.

சின்னவன் மதியம் தூங்கியே ஆக வேண்டும். தூங்காவிட்டால் சாயங்காலம் யாராலும் சமாளிக்க முடியாது. நாங்கள் சைவம், முட்டை சாப்பிடுவோம். குழந்தைகளோடு போய் வந்தவர்கள் இந்தப் பட்டியல் சரிப்படுமா என்று சொல்லுங்கள்.

வியன்னா மருமகள்:

அக்கா, வாங்க வாங்க. நான் 11 வருஷமாக இங்கேதான் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளையும் இந்த ஊர் டிராமில் ஏற்றி இறக்கியே வளர்த்தேன். அந்த உரிமையில் சொல்கிறேன், பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள்.

முதலில் ஹால்ஸ்டாட். படத்தில் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ரயிலில் போய், வழியில் ஆட்நாங்-புஹைமில் வண்டி மாறி, இறங்கியதும் படகில் ஏரியைக் கடக்க வேண்டும். போவதற்கே மூன்றரை மணி நேரம், திரும்ப அதே அளவு. 3 வயதுப் பிள்ளை 7 மணி நேரம் உட்கார்ந்தே இருக்க முடியாது. வேறு நாட்டையும் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்றால் ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவா இருக்கிறது, ரயிலில் ஒரு மணி நேரம்தான். நானாக இருந்தால் அதற்கும் போகமாட்டேன்.

அடுத்தது, ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம் போதும். காலையில் சீக்கிரம் கிளம்பி மதியம் பன்னிரண்டரை வரை அங்கே. அப்புறம் சாப்பாடு, தூக்கம். 4 மணிக்கு மேல் பக்கத்து பார்க். மே கடைசியில் சூரியன் மறையவே இரவு எட்டரை தாண்டிவிடும், ஆகவே சாயங்காலம் என்பது இங்கே நீளமானது. அறை பிடிக்கும்போதே ஜன்னலுக்குக் கனமான திரை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம் இருக்கும்வரை "இன்னும் ராத்திரி ஆகல" என்று என் பெரியவள் படுக்கவே மாட்டாள்.

ஜூவுக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். 1752-ல் தொடங்கியது, உலகில் இன்றும் இயங்கும் ஜூக்களில் மிகப் பழையது. மரியா தெரசா மகாராணியின் கணவர் முதலாம் ஃபிரான்ஸ் தன் குடும்பத்துக்காக அமைத்தது. நடுவே எட்டு முகமாக ஒரு மஞ்சள் மண்டபம் நிற்கும். அந்தக் காலத்தில் ராஜ குடும்பம் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே விலங்குகளைப் பார்க்குமாம். இப்போது அது ஓட்டல். ஒரு விஷயம் மறக்காதீர்கள்: ஜூவுக்கு ஊ4 (U4) மெட்ரோவில் ஷோன்ப்ருன் நிறுத்தத்தில் இறங்காமல் அடுத்த ஹீட்ஸிங்கில் இறங்குங்கள். ஷோன்ப்ருனில் இறங்கினால் தோட்டம் முழுக்க நடந்து ஜூ வாசலை அடைவதற்குள் சின்னவன் தூக்கச் சொல்லிவிடுவான்.

டிராம் பிரியன்:

பணம் செலவழிக்காமல் ஊர் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பழைய நகரத்தைச் சுற்றி ரிங் என்று ஓர் அகலமான சாலை. பழைய கோட்டைச் சுவரை இடித்த இடத்தில் போட்டது, 1865-ல் திறந்தார்கள். ஓபரா, பாராளுமன்றம், நகர மன்றம், பல்கலைக்கழகம் எல்லாம் அதன் ஓரத்திலேயே இருக்கின்றன. முழு வட்டமும் ஒரே டிராம் போகாது. ஷ்வேடன்பிளாட்ஸ் நிறுத்தத்தில் 1-ஆம் எண் வண்டியில் ஏறி நகர மன்றம், பாராளுமன்றம் வழியாக ஓபரா வரை வாருங்கள். அங்கே இறங்கி 2-ஆம் எண்ணில் ஏறினால் ஸ்டாட்பார்க் பக்கமாகத் திரும்ப ஷ்வேடன்பிளாட்ஸ் வந்துவிடும். 6 வயதுக்குக் கீழே டிக்கெட்டே கிடையாது, உங்கள் பெரியவளுக்குப் பாதி விலை.

காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் (டிராமில் என்றால் ஏறியதும்) நீலப் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்திவிடுங்கள். நாங்கள் போன முதல் நாளே, பிள்ளையைப் பிடிப்பதா பையைப் பிடிப்பதா என்ற அவசரத்தில் குத்த மறந்துவிட்டோம். சாதாரண உடையில் வந்த பரிசோதகர் கேட்டார். டிக்கெட் கையில் இருந்தும் செல்லாது. 100 யூரோவுக்கு மேல் அபராதம் கட்டினோம். இது எங்கள் தவறுதான், நீங்கள் செய்யாதீர்கள்.

வரலாறு டீச்சர்:

வியன்னா மருமகள் சொன்னதில் ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அரண்மனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நேரே ஜூவுக்குப் போய்விட்டீர்கள். அவ்வளவு தூரம் போய் ஷோன்ப்ருன் உள்ளே கால் வைக்காமல் வருவது நியாயமில்லை. 7 வயது என்பது சின்ன வயது இல்லை. 1762-ல் மோட்சார்ட் தன் 6 வயதில் மரியா தெரசா முன்னால் வாசித்தது அந்த அரண்மனையில்தான். கண்ணாடி அறை என்று அதைக் காட்டுவார்கள். "உன்னைவிட ஒரு வயசு சின்னப் பையன் இங்கே ராணிக்கு வாசிச்சான்" என்று சொல்லிப் பாருங்கள், பெண் எப்படிக் கேட்கிறாள் என்று. மரியா தெரசாவுக்கு 16 பிள்ளைகள், அதில் ஒருத்திதான் பிரான்சுக்கு ராணியாகப் போன மரி அந்துவனெத். பெயர்களைக் கதையாகச் சொல்லிக்கொண்டே நடந்தால் எந்தப் பிள்ளையும் வரும்.

வியன்னா மருமகள்:

டீச்சர், உங்கள் பேச்சில் உண்மை இருக்கிறது. மோட்சார்ட் கதை என் மகளுக்கும் பிடித்தது. ஆனால் அக்கா முதல் 2 நாள் தனியாக இரண்டு பேரைச் சமாளிக்கப் போகிறார். உள்ளே ஸ்ட்ரோலரை அனுமதிக்கமாட்டார்கள், வாசலிலேயே விட்டுவிட வேண்டும். நீளமான சுற்றில் 40 அறைகள். எதையும் தொடக் கூடாது, ஓடக் கூடாது, கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரியவளுக்குக் கதை சொல்வது நடக்கிற காரியமா?

அதனால் இப்படிச் செய்யலாம். அண்ணா லீவில் இருக்கும் நாளில், அவர் பெரியவளோடு மட்டும் குறைந்த அறைகள் கொண்ட சுற்றுக்குப் போகட்டும். டிக்கெட்டில் நேரம் குறித்திருக்கும், முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். அந்த நேரத்தில் நீங்களும் சின்னவனும் பின்னால் தோட்டத்தில் இருங்கள். தோட்டம் எல்லோருக்கும் இலவசம். வேலிச் செடியால் ஆன புதிர்ப் பாதையும் விளையாட்டு இடமும் இருக்கின்றன, அதற்கு மட்டும் தனி டிக்கெட்.

வரலாறு டீச்சர்:

இது நல்ல யோசனை. ஒத்துக்கொள்கிறேன்.

பேரனோடு போன பாட்டி:

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே அம்மா. நான் மகள் குடும்பத்தோடு போனேன், பேரனுக்கு அப்போது 4 வயது. சமையலறை உள்ள அபார்ட்மென்ட்டாகப் பிடியுங்கள். எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் அரிசியும் தயிரும் கிடைக்கும். சர்க்கரை சேர்க்காத தயிருக்கு டப்பாவில் நட்டூர்-யோகுர்ட் என்று போட்டிருக்கும். கடுகும் பெருங்காயமும் மட்டும் நான் கையில் கொண்டுபோயிருந்தேன். ராத்திரி ஒரு கிண்ணம் தயிர் சாதம் உள்ளே போனால் பிள்ளை அடங்கித் தூங்கும், மறுநாள் எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காது.

வெளியே சாப்பிடும்போது கைசர்ஷ்மாரன் கேளுங்கள். முட்டை சேர்த்த கனமான இனிப்பு தோசையைப் பிய்த்துப் போட்டு, மேலே பொடித்த சர்க்கரை தூவி, பக்கத்தில் பிளம்ஸ் பழக் கூட்டு வைத்துத் தருவார்கள். ஒரு தட்டு இரண்டு பிள்ளைகளுக்குப் போதும். உப்பாக வேண்டுமென்றால் கேஸ்ஷ்பெட்ஸ்லே, சீஸ் போட்டுப் பிரட்டிய குட்டிக் குட்டி மாவுத் துண்டுகள். சூப்பில் மட்டும் கவனம். ஃப்ரிட்டாட்டன்சுப்பே பார்க்கச் சைவம் மாதிரியே இருக்கும், தோசைத் துண்டுகள்தான் மிதக்கும், ஆனால் அடியில் இருப்பது மாட்டிறைச்சிச் சாறு.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிவிடுவார்கள். நாஷ்மார்க்ட்டும் மூடித்தான் இருக்கும். சனிக்கிழமையே பாலும் பிரெட்டும் வாங்கிவிட வேண்டும். மறந்தால் ப்ராட்டர்ஷ்டெர்ன், ஹாப்ட்பான்ஹோஃப் மாதிரி பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் சூப்பர்மார்க்கெட்தான் கதி.

கோவை அம்மா:

பாட்டி, தயிர் சாதம் என்றதும் பாதி பயம் போய்விட்டது. ரொம்ப நன்றி. ஹால்ஸ்டாட்டையும் பெல்வெடேரையும் அடித்துவிட்டோம். வீட்டுக்காரர் கொஞ்சம் வருத்தப்பட்டார், 7 மணி நேரக் கணக்கைச் சொன்னதும் சரி என்றார்.

இன்னும் மூன்று கேள்வி. மழை வந்தால் எங்கே போவது? ஸ்ட்ரோலர் கொண்டுபோகலாமா? தண்ணீர் பாட்டில் எத்தனை வாங்கி வைத்துக்கொள்வது?

வியன்னா மருமகள்:

தண்ணீர் வாங்கவே வாங்காதீர்கள். இந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே தண்ணீர்தான். குழாயில் வருவது ஆல்ப்ஸ் மலை ஊற்று. 1873-ல் முதல் குழாய்ப் பாதை வந்தது, 1910-ல் இரண்டாவது. அந்த இரண்டாவது கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர் நீளம். பம்பு எதுவும் இல்லாமல் சரிவிலேயே இறங்கி, 36 மணி நேரத்தில் நகரத்துக்கு வந்து சேர்கிறது. தெருவிலும் பார்க்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. ஆளுக்கொரு பாட்டில் எடுத்துவந்து நிரப்பிக்கொண்டே இருங்கள். என் சின்னவன் குழாயைக் கண்டால் நிற்பான். வாயை நேரே வைத்துக் குடித்து, சட்டைக் கழுத்தெல்லாம் நனைத்துக்கொண்டு, "மலைத் தண்ணி" என்பான். அங்கே 5 நிமிஷம் போய்விடும். போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஸ்ட்ரோலர் தாராளமாகக் கொண்டுவாருங்கள். மெட்ரோ நிலையங்கள் எல்லாவற்றிலும் லிஃப்ட் உண்டு. ஆனால் பல இடங்களில் லிஃப்ட் நடைமேடையின் ஒரு முனையில் மட்டும் இருக்கும், கொஞ்சம் நடக்க வேண்டும். டிராமில் ஸ்ட்ரோலர் படம் போட்ட கதவில் ஏறி, பிரேக் போட்டுவிடுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ரிங் ஓரத்தில் நடைபாதையை ஒட்டி அதே மட்டத்தில் சைக்கிள் பாதை ஓடுகிறது. நமக்கு எல்லாமே நடைபாதை மாதிரிதான் தெரியும். சைக்கிள்காரர்கள் வேகமாக வருவார்கள். அங்கே மட்டும் இரண்டு பேர் கையையும் விடாதீர்கள்.

மழைக்கு: ஹவுஸ் டெஸ் மேரெஸ். இரண்டாம் உலகப் போரில் விமானத் தாக்குதலைச் சமாளிக்கக் கட்டிய கான்கிரீட் கோபுரம், இப்போது உள்ளே மீன் காட்சியகம். கண்ணாடிக் கூரை போட்ட வெப்பமண்டலப் பகுதியில் குட்டிக் குரங்குகளும் பறவைகளும் கம்பி வலை இல்லாமல் தலைக்கு மேலேயே திரியும். இல்லையென்றால் தொழில்நுட்ப மியூசியம். பழைய ரயில் இன்ஜின்கள் இருக்கின்றன, சின்னக் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதியும் உண்டு. இந்த மாதிரி அரசு மியூசியங்களில் 19 வயதுக்குக் கீழே அனுமதி இலவசம். பெரியவர்களுக்கு மட்டும் வாங்கினால் போதும். பிள்ளை சிணுங்கினால் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம், காசு போச்சே என்ற கவலை பாதிதான்.

இரட்டையர் அப்பா:

காய்ச்சல் மருந்தைக் கையோடு கொண்டுபோங்கள் சகோதரி. ஆஸ்திரியாவில் பாராசிட்டமால்கூட சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்காது, மருந்துக்கடையில் மட்டும்தான். சிவப்பு நிறத்தில் ஏ எழுத்து போட்ட பலகை என்றால் மருந்துக்கடை. எங்கள் இரட்டையரில் ஒருத்திக்கு சனிக்கிழமை ராத்திரி காய்ச்சல் கண்டது. ஹோட்டல் பக்கத்துக் கடை மூடியிருந்தது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள், அன்றைக்கு இரவுப் பணியில் இருக்கும் கடையின் விலாசம் அதில் இருந்தது. அந்தத் தாள் எல்லாக் கடைக் கதவிலும் இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆம்புலன்சுக்கு 144.

விசா விண்ணப்பத்தில் 6 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, 12-க்குக் கீழே கைரேகையும் எடுப்பதில்லை. இன்சூரன்ஸ் குழந்தைகளுக்கும் 30,000 யூரோவுக்கு எடுத்தே ஆக வேண்டும்.

டிராம் பிரியன்:

ப்ராட்டரில் ராட்டினத்தோடு நிறுத்திவிடாதீர்கள். லிலிபுட்பான் என்று குட்டி ரயில் ஓடுகிறது, 1928-லிருந்து. கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் மரங்களுக்கு நடுவே போகும். என் பையனுக்கு ராட்டினத்தைவிட அதுதான்.

கோவை அம்மா:

ஊருக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. துணியெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு நேரம் எடுத்து எழுதியவர்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

தனியாக இருந்த முதல் நாள் ஜூ. ஹீட்ஸிங்கில் இறங்கினோம். திறக்கும் நேரத்துக்கே போனதால் யானைகளுக்கு முன்னால் நாங்கள் மட்டும்தான். 12 மணிக்குக் கிளம்பிவிட்டேன், பாதிதான் பார்த்திருந்தோம். முழுவதும் பார்க்காமல் வந்தது மனசுக்கு உறுத்தலாக இருந்தது. மெட்ரோவில் ஏறிய இரண்டாம் நிமிஷம் சின்னவன் தூங்கிவிட்டான், உறுத்தல் போய்விட்டது.

இரண்டாம் நாள் மழை. கோபுரத்து மீன் காட்சியகம் போனோம். குரங்கு ஒன்று கைப்பிடிக் கம்பியில் மகள் கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வந்து உட்கார்ந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். குரங்கு போன பிறகுதான் "அம்மா" என்று சத்தம் வந்தது.

மூன்றாம் நாள் இயற்கை வரலாற்று மியூசியம். அது செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். டைனோசர் கூடத்தில் அசைந்து உறுமும் அல்லோசாரஸ் பொம்மையைக் கண்டு சின்னவன் அப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டான். பயப்படும் பிள்ளை என்றால் முதலிலேயே சொல்லிவைத்துவிட்டுக் கூட்டிப்போங்கள். ஆனால் நான் சொல்ல நினைப்பது வில்லன்டார்ஃப் சிலை பற்றி. 1908-ல் டான்யூப் கரையோரம் கிடைத்தது, கிட்டத்தட்ட 29,500 வருஷம் பழையது. அதற்கென்று தனியாக ஓர் இருட்டறை. அவ்வளவு பழைய சிலை என்றதும் கோயில் சிலை மாதிரி பெரிதாக இருக்கும் என்று மகள் எதிர்பார்த்தாள். கண்ணாடிக்குள்ளே 11 சென்டிமீட்டர் பெண் உருவம், முகமே இல்லை, தலை முழுக்கப் பின்னல் மாதிரி வளையங்கள். கண்ணாடிக்கு வெளியே தன் கையை விரித்து அளந்து பார்த்துவிட்டு, "என் பென்சில் பாக்ஸைவிடச் சின்னது. யாரோ கையிலயே வச்சிருந்திருக்காங்க" என்றாள். எனக்கு அப்படித் தோன்றியிருக்காது. கலை வரலாற்று மியூசியம் எதிரிலேயே இருந்தும் போகவில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தோட்டத்தில் உட்கார்ந்து இட்லிப் பொடி தடவிய பிரெட் சாப்பிட்டோம்.

டீச்சர், நான்காம் நாள் மகளும் அப்பாவும் அரண்மனைக்குள் போனார்கள். மோட்சார்ட் கதை வேலை செய்தது. வெளியே வந்ததும் 16 பிள்ளைகளில் எத்தனை பெயர் ஞாபகம் இருக்கிறது என்று எண்ணிக் காட்டினாள். நானும் சின்னவனும் அதுவரை சரளைக்கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

யாரும் சொல்லாத ஒன்று: ஹோஹர் மார்க்ட்டில் ஆங்கர் கடிகாரம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பாலம் மாதிரி இருக்கிறது, 1911-லிருந்து 1914-க்குள் செய்தது. மதியம் சரியாக 12 மணிக்கு 12 உருவங்களும் இசையோடு ஒவ்வொன்றாக வரும். ரோமானியச் சக்கரவர்த்தி மார்க்கஸ் ஆரேலியஸ் முதலில், இசைமேதை ஹைடன் கடைசியில். காசு கிடையாது. பத்து நிமிஷத்துக்கு மேல் சின்னவன் தலையை அண்ணாந்தபடியே நின்றான். ஐந்து நாளில் அவன் ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் நின்றது அங்கே மட்டும்தான். 10 நிமிஷம் முன்னாலேயே போய் நின்றால் முன் வரிசை கிடைக்கும்.

கடைசி நாள் ப்ராட்டர். ராட்டினம் 1897-ல் கட்டியது, 65 மீட்டர் உயரம். முதலில் 30 பெட்டிகள் இருந்ததாம், போரில் எரிந்து திரும்பக் கட்டியபோது 15-தான் வைத்தார்கள். ஒவ்வொன்றும் சின்ன ரயில் பெட்டி மாதிரி, ஜன்னல் உண்டு, மெதுவாகப் போகும். உயரத்துக்குப் பயப்படும் எனக்கே பயம் வரவில்லை. அப்புறம் குட்டி ரயில், இரண்டு தடவை. சாயங்காலம் ஊ1 பிடித்து டான்யூப் தீவு. வெள்ளம் வராமல் இருக்க வெட்டிய கால்வாயின் மண்ணிலேயே உருவாக்கிய 21 கிலோமீட்டர் தீவு என்று அங்கே போன பிறகுதான் தெரியும். குழந்தைகள் அணை கட்டி, தண்ணீரைத் திருப்பி விளையாட ஒரு பெரிய இடம் இருக்கிறது, இலவசம். மாற்றுத்துணி இரண்டு செட் எடுத்துப்போங்கள், எனக்கு ஒன்று போதவில்லை.

மும்பைத் தமிழன்:

இழை முழுக்கப் படித்தேன், மிக்க நன்றி. நாங்கள் டிசம்பரில் போகிறோம், பெண்ணுக்கு 5 வயது. இதே திட்டம் சரிவருமா?

வியன்னா மருமகள்:

கொஞ்சம் மாற்ற வேண்டும். டிசம்பரில் 4 மணிக்கே இருட்டிவிடும், தெருக் குழாய்களில் தண்ணீர் இருக்காது, தீவு விளையாட்டு இடமும் மூடியிருக்கும். ஜூ வருஷத்தின் 365 நாளும் திறந்திருக்கும், கிறிஸ்துமஸ் அன்றும்கூட. 9 மணிக்கு அதை வைத்துக்கொண்டு, இருட்டியதும் நகர மன்றத்து முன்னால் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போங்கள். வார நாளாகப் பார்த்துப் போங்கள், சனிக்கிழமை சாயங்காலம் 5 வயதுப் பிள்ளைக்கு மனிதர்களின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது. அவள் ஷூ தண்ணீர் இறங்காததாக இருக்கட்டும்.